குதிரைக் காலில் மரணக் குறிப்பு இல்லை

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வாட்ஸ்அப் குழுக்களில் தீவுத்திடலில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் சிலைப் படத்தோடு ஒரு தகவல் சுற்றுகிறது: குதிரை இரு முன்னங்காலையும் தூக்கினால் வீரர் போரில் மடிந்தவர், ஒன்றை மட்டும் தூக்கினால் காயத்தால் இறந்தவர், நான்கும் தரையில் இருந்தால் இயற்கை மரணம். தவறு. சிற்பிகளுக்கு அப்படி விதியே கிடையாது.

மன்றோவின் குதிரைக்கு நான்கு காலும் தரையில்தான். அவர் 1827இல் காலராவில் இறந்தார். தற்செயலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். வாஷிங்டனில் அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலையில் குதிரை இரு முன்னங்கால்களையும் தூக்கி நிற்கிறது. அவரோ 1845இல் நோயால் வீட்டில் இறந்தவர்.

சரி, மடிந்த வீரனைச் சொல்லும் கலை நம்மிடமே இருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போய் விழுந்தவன் பெயரைக் கல்லிலேயே வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பும் இருக்கும். அந்த அம்பைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.