போட்டி வைத்தால் தரம் வந்துவிடுமா?

பள்ளிகளுக்கிடையே போட்டி வந்தால் நாட்டின் கல்வித் தரம் தானாக உயரும் என்று வாதிடும் ஒரு கட்டுரையைப் படித்தேன். ஸ்வீடன் இதைச் செய்தே பார்த்துவிட்டது. 1992 முதல் அங்கே பிள்ளை தனியார் பள்ளிக்குப் போனாலும் அரசுப் பணம் கூடவே போகும். பள்ளி நடத்துபவர் லாபமும் எடுக்கலாம். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா (PISA) தேர்வில் அவர்களின் சராசரி கணித மதிப்பெண் 2003இல் 509, 2012இல் 478. சரிவுக்குப் போட்டிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்ன உயர்வைக் காணோமே!

பள்ளிகள் எதற்குப் போட்டி போடுகின்றன? நன்றாகச் சொல்லிக்கொடுக்கவா? ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை வளைத்துப்போடத்தான். நுழைவுத்தேர்வில் வடிகட்டி எடுத்துவிட்டு, அப்புறம் தேர்ச்சி விகிதத்தை வாசலில் பேனர் கட்டினால் அது யாருடைய சாதனை? சிலி நாட்டில் இப்படிப் பொறுக்கி எடுப்பதை நிறுத்த 2015இல் சட்டமே போட வேண்டியிருந்தது.

சரி, சமத்துவம் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 1970களில் எல்லோருக்கும் ஒரே வகைப் பள்ளி என்று மாறிய பின்லாந்து அதே பீசா கணிதத்தில் 2003இல் 544 வாங்கியது, 2022இல் 484. அந்த 2022இல் ஸ்வீடன் வாங்கியதைவிட 2 புள்ளிதான் அதிகம். ஆனால் ஆசிரியரையும் பார்க்க வேண்டாமா? பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும். ஆசிரியர் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.