எல்லாப் பழியையும் எல் நினோ மேல் போடலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும், மழை இல்லாத வாரத்தில் இதே பேச்சுதான். "வெயில் எந்தக் காலத்தில் இல்லை, தம்பி? ஈப்போ சுண்ணாம்பு மலையே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்ததுதானே. எல்லாம் இயற்கை, எல் நினோ" என்கிறார் ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஐயா ஒருவர். புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் இதே வாதம், கூடவே இரண்டு காணொளி.

மலை விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. ஆனால் அது நடந்து கோடிக்கணக்கான வருடமாகிறது. எல் நினோவும், அதாவது பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் மழையைக் குறைப்பதும், நமக்குப் புதிதல்ல. வறட்சி அடித்த வருடத்தில் செம்பனை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. குலை தராத ஆண்பூ கூடி, ஒன்றரை இரண்டு வருடம் கழித்துத்தான் குலை குறையும். பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானதும் எல் நினோ சமயத்தில்தான்.

சரி, எல் நினோ வரும், போகும். பின்னாலேயே அதற்கு நேர்மாறான லா நினா வந்து சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். வெறும் இயற்கை என்றால் வரவும் செலவும் எங்காவது நேராக வேண்டுமே? 1998 அதுவரை பதிவானதிலேயே உலகம் மிகச் சூடாக இருந்த ஆண்டு. 2021 லா நினா ஆண்டு, சூடு தணிந்திருக்க வேண்டிய ஆண்டு. ஆனால் அது 1998-ஐவிடச் சூடு! கிராணி ஐயாவிடம் இதைச் சொன்னேன். "அப்போ சூரியன்" என்றார்.

சூரியனை 1978 முதல் செயற்கைக்கோள் வைத்து அளக்கிறார்கள். அதன் வெப்பம் கூடிக் குறைகிறதே தவிர, ஏறிக்கொண்டே போகவில்லை. சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது தலைகீழ்: கீழே சூடு, மேலே குளிர்ச்சி. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று பருவநிலை விஞ்ஞானி ஸ்யூகுரோ மனாபே 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 2021-இல் நோபல் பரிசு வாங்கிய அதே மனாபேதான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலைகள் கக்குவது மனிதன் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றத்தைக் காட்டும் மறுபக்கத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வெள்ளம் ஏறியபோது வந்த அதிகாரி, "பருவநிலை மாற்றம், என்ன செய்வது" என்று கையை விரித்தார். கால்வாயில் ஒரு பழைய மெத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, அவர் கண்ணெதிரே. சூடு ஒரு பாகை ஏறினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் ஈரம் பிடிக்கும், மழை கொட்டும், ஒப்புக்கொள்கிறேன். மெத்தையை எந்த வாயு கொண்டுவந்து போட்டது?

எனக்கு உறுத்துவது வேறொன்று. மக்காத இலைதழை சேர்ந்து கிடக்கும் கரிச்சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்துச் செம்பனை நட்டால் அந்த மண்ணிலிருந்து கரியமில வாயு கிளம்பும். லாபம் ஒருவருக்கு, வெயில் இன்னொருவருக்கு. இன்றைக்குக் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசி, இந்தோனேசியத் தம்பிகள். முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக, நீளக் கழியில் அரிவாளைத் தூக்கி, உச்சி வெயிலில் அண்ணாந்து நிற்கிறார்கள். வெட்டிய குலைக்குத்தான் கூலி என்பதால் நிழலில் ஒதுங்கினால் காசு போகும். "எல்லாம் இயற்கை" என்பது அவர்களின் முதலாளிக்கு எவ்வளவு வசதியான பேச்சு!

பால்மரக் (ரப்பர்) காலத்தில் விடியுமுன்பே மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனோம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால், மரத்துக்காக வைத்த நேரம் அது. ஆளுக்காகவும் அப்படி ஒரு நேரம் வைக்கட்டும். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் வேலை நிறுத்தம், கூலி பிடிக்காமல். தொழிற்சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் இதைக் கேட்கட்டும்.