ஓர் ஆய்வுக்கு ஒரே முகவரிதானா?

ஆய்வுகளைத் துறைவாரியாகப் பிரித்துக் குறியீடு இடுவதை வெறும் எழுத்தர் வேலையாகவே நம்மில் பலர் கருதுகிறோம். கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதும், நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஆய்வேட்டைப் பதிவு செய்யும்போதும் கடைசியாக வந்து நிற்கும் துறைப்பட்டியலில், ஓரளவு பொருந்துவதாகத் தோன்றும் ஒன்றைச் சொடுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கட்டுரை எந்த மதிப்பீட்டாளர் கைக்குப் போகும், எந்தக் கட்டுரைகளோடு ஒப்பிடப்படும், பல ஆண்டுகள் கழித்து யாருடைய தேடலில் கண்ணில் படும் என்பவற்றைப் பெருமளவு முடிவு செய்வது அந்த ஒரு தேர்வுதான். கண்டெடுப்பதற்காக உருவான வகைப்பாட்டை எடைபோடும் கருவியாகவும் ஆக்கிக்கொண்டோம். இன்றைய சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆற்றுநீர் வழியாகக் காலரா பரவுவதை வகைக்கெழுச் சமன்பாடுகளால் விளக்கி, தடுப்பு மருந்தை யாருக்கு முதலில் கொடுத்தால் உயிரிழப்பு குறையும் என்று கணித்துச் சொல்கிறது அது. கணிதப் பாட வகைப்பாட்டின் 63 பெரும்பிரிவுகளுள் 92ஆம் பிரிவு உயிரியலுக்கும் பிற இயற்கை அறிவியல்களுக்கும் உரியது. அதற்குள் 92டி30 என்ற குறியீடு நோய்ப்பரவலியலைக் குறிக்கிறது. நம் கட்டுரைக்கு அங்கே ஓர் இடம் உண்டு. இதழில் வெளிவருமுன் கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் ஆர்க்கைவ் முன்பதிப்புத் தளத்தில் அது அளவுசார் உயிரியலின் கீழ் வரும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் பொருள்தலைப்புப் பட்டியலின்படி காலரா, தடுப்பு மருந்து, கணித மாதிரி எனப் பல தலைப்புகள் ஒரே நேரத்தில் அதற்குக் கிடைக்கும். ஆய்வுச் செலவைக் கணக்கிட நாடுகள் பின்பற்றும் ஃப்ராஸ்காட்டி கையேடு ஆய்வுலகை ஆறு பெருந்துறைகளாகப் பிரிக்கிறது. அதில் கணிதம் இயற்கை அறிவியலிலும் நோய்ப்பரவலியல் மருத்துவ அறிவியலிலும் இருப்பதால், எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும். இத்தனை முகவரிகளும் சரியானவையே. ஒவ்வொன்றும் வேறொரு வாசகரை அந்தக் கட்டுரையின் வாசலுக்குக் கொண்டுவருகிறது. ஆகவே முகவரிகள் பலவாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை தொடங்குவது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போதுதான். ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோப்பஸ் ஆகிய இரு பெரும் தரவுத்தளங்களும் அடிப்படையில் ஆய்விதழுக்குத்தான் பிரிவு கொடுக்கின்றன. இதழுக்குக் கிடைத்த பிரிவு, அதில் வெளிவரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அப்படியே வந்து சேர்கிறது. நம் காலரா கட்டுரை கணித இதழில் வந்தால் கணிதம். பொதுச் சுகாதார இதழில் வந்தால் பொதுச் சுகாதாரம். நேச்சர், சயின்ஸ் போன்றவற்றில் வந்தால் ‘பல்துறை’ என்ற பொதுப்பெயர். கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆயினும் அதன் துறை மாறிவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள், ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சான்றாகக் குறிப்பிட்டன என்ற மேற்கோள் எண்ணிக்கை எப்படி மதிப்பெண்ணாகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கணிதக் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்கள் குறைவு. மூலக்கூறு உயிரியல் கட்டுரைகளுக்குக் கிடைப்பவை அதைவிட மிகவும் அதிகம். இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமாகாது என்பதால், ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை அதே துறையில் அதே ஆண்டு வெளிவந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பார்க்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வகுக்கும் எண் எந்தத் துறையுடையது என்பதை இதழின் பிரிவு முடிவு செய்கிறது. பன்னிரண்டு மேற்கோள் பெற்ற ஒரே கட்டுரை ஒரு பிரிவில் சராசரிக்கு மேலேயும் மற்றொன்றில் சராசரிக்குக் கீழேயும் நிற்க முடியும். இந்த எண்ணைப் பதவி உயர்வுக் குழுவின் முன் வைக்கும்போது, அதன் பின்னால் இப்படி ஒரு தேர்வு நடந்திருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

நூலகவியலின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மெல்வில் டியூயி 1876இல் தம் தசமப் பகுப்பை வெளியிட்டபோது அவர் முன்னிருந்த கேள்வி, அலமாரியில் ஒரு நூலை எங்கே வைப்பது என்பது. ஒரு நூல் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆகவே ஓர் எண் போதும். அந்த ஓர் எண்ணுக்குள் வகுத்தவரின் உலகமும் வந்து புகுந்துகொண்டது. சமயத்துக்கு ஒதுக்கிய 200ஆம் வகுப்பில் 220 முதல் 280 வரை விவிலியத்துக்கும் கிறித்துவத்துக்கும் போக, உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்ற ஒரே பிரிவுக்குள் ஒடுங்கின. கணினியியல் இன்றும் 004 முதல் 006 வரையிலான எண்களில், பொதுநூல் வகுப்பில் கலைக்களஞ்சியங்களின் அருகே இருக்கிறது.

இதற்கு மாற்றான சிந்தனையை மிகத் தெளிவாக முன்வைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் பயிற்றுவித்துவிட்டு நூலகத்துக்கு வந்த அவர், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பில் எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே எண் கொடுத்து அடுக்கும் வழியைக் கைவிட்டார். ஒரு நூலின் பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்த்து, தேவையானவற்றை நிறுத்தற்குறிகளால் கோத்துக்கொள்வது அவர் முறை. எக்ஸ் கதிர் கொண்டு நுரையீரல் காசநோயைக் குணப்படுத்துவது பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆய்வு என்ற எடுத்துக்காட்டு நூலகவியல் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. அதில் உறுப்பு, நோய், சிகிச்சை, கருவி, நாடு, ஆண்டு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் கூறாக நிற்கிறது. எந்தக் கூறைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வாசகர் அந்த ஆய்வைச் சென்றடையலாம். அலமாரியின் கட்டுப்பாடே இல்லாத மின்தரவுக் காலத்தில், அலமாரிக் காலத்திலேயே ஒருவர் கண்ட இந்த வழியை விட்டுவிட்டு ஓர் ஆய்வுக்கு ஒரு பெட்டி என்று நாம் திரும்பிப் போனது எனக்கு விளங்கவே இல்லை.

பெட்டிகளுக்கு இடையே அறிவு எப்படித் தொலைந்துபோகிறது என்பதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது டான் ஸ்வான்சன் என்ற தகவலியல் அறிஞர் 1986இல் வெளியிட்ட ஆய்வை. விரல்களில் இரத்த ஓட்டம் தடைப்படும் ரெய்னோ நோய் உள்ளவர்களிடம் இரத்தத்தின் பிசுபிசுப்பு கூடியிருப்பதை ஒரு தொகுதிக் கட்டுரைகள் பதிவு செய்திருந்தன. மீன் எண்ணெய் அந்தப் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று வேறொரு தொகுதிக் கட்டுரைகள் சொல்லிவந்தன. இரு தொகுதிகளும் ஒன்றையொன்று ஏறத்தாழக் குறிப்பிடவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் கால் வைக்காமல், வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் அந்நோயாளிகளுக்குப் பயன்படலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். சில ஆண்டுகளுக்குள் வந்த மருத்துவச் சோதனையொன்று அதற்கு ஆதரவாக அமைந்தது. விடையின் இரு பாதிகளும் அச்சேறிப் பொதுவெளியில்தான் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வழி மட்டும் இல்லாமல் இருந்தது.

நிதிநல்கையில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்துக்கு ஐந்து ஆண்டுகளில் வந்த 18,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016இல் நேச்சரில் வெளிவந்த கட்டுரையொன்று, விண்ணப்பங்களில் குறிக்கப்பட்ட துறைக்குறியீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதைக் கணக்கிட்டது. தொலைவு கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது. இரு துறைகளைச் சேர்க்கும் விண்ணப்பம், இரு துறையினருக்குமே அரைகுறையாகத் தோன்றிவிடுகிறது என்பதே இதற்கு எனக்குப் படும் காரணம். இளம் ஆய்வாளர்கள் பலர் இதை அனுபவத்தால் உணர்ந்து, தங்கள் ஆய்வின் உண்மையான அகலத்தை மறைத்து ஒரே துறைக்குறியீட்டைக் குறிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படிக் குறித்த பின், அந்த ஆய்வைத் தேட வேண்டிய மற்றத் துறையினர் அதைக் காணாமலே போகிறார்கள்.

வகைப்பாடே வேண்டாம், முழுவாசகத் தேடல் இருக்கிறதே என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரே பொருளைக் கணிதர் ஒரு பெயராலும் மருத்துவர் வேறொரு பெயராலும் அழைக்கும்போது, சொல்லை மட்டும் நம்பும் தேடல் பாதியைத் தவறவிடும். கட்டுரைகளுக்கு இடையிலான மேற்கோள் உறவுகளைக் கொண்டு கணினியே துறைகளைப் பிரிக்கட்டும் என்ற வாதத்தில் வலு உண்டு. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசை இப்படித்தான் ஏறத்தாழ 4,000 நுண்துறைகளை உருவாக்கிப் பயன்படுத்துகிறது. இதழின் பிரிவைக் கட்டுரையின் தலையில் கட்டும் தவறு இதில் இல்லை. ஆனால் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டாதவர்கள் இம்முறையிலும் வெவ்வேறு நுண்துறைகளில்தான் போய் விழுவார்கள். ஸ்வான்சன் கண்ட இடைவெளியை இது மூடாது.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் அல்ல. குறியீடு இதழுக்கு அல்லாமல் கட்டுரைக்கு இடப்பட வேண்டும். அதிலும் ஆய்ந்த பொருள், கையாண்ட முறை, பயன்படுத்திய தரவு, யாருக்குப் பயன்படும் என்ற நோக்கம் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் குறிக்க இடம் தர வேண்டும். காலரா, வகைக்கெழுச் சமன்பாடு, நோயாளிப் பதிவேடு, தடுப்பு மருந்துத் திட்டம் என்று நான்கு வரிகளில் அந்தக் கட்டுரை தன்னை முழுமையாக அறிமுகம் செய்துகொள்ளும். துறை எது என்ற சண்டை அங்கே எழாது. ஒப்பீடு தவிர்க்க முடியாத இடத்தில், எந்தப் பிரிவோடு ஒப்பிட்டார்கள் என்பதையும், வேறு பொருத்தமான பிரிவோடு ஒப்பிட்டால் என்ன எண் வரும் என்பதையும் சேர்த்தே குழுவின் முன் வைக்க வேண்டும்.

வகைப்பாட்டைக் காலந்தோறும் திருத்துவதும் இதே அளவு முக்கியம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் ஆய்வு வகைப்பாட்டை 2020இல் திருத்தியபோது, அதுவரை பல பிரிவுகளில் சிதறிக் கிடந்த பூர்வகுடி மக்கள் தொடர்பான ஆய்வுகளுக்கு 45 என்ற தனிப் பெரும்பிரிவை அமைத்தன. அத்தோடு, 2008ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒவ்வொரு குறியீடும் புதிய பதிப்பில் எங்கே போயிற்று என்று காட்டும் பொருத்த அட்டவணையும் வெளியாயிற்று. தத்தம் பட்டியலைத் திருத்தும் ஒவ்வொரு நிறுவனமும் இத்தகைய அட்டவணையைக் கட்டாயம் வெளியிட வேண்டும். அது இல்லையென்றால், பழைய குறியீட்டின் கீழ்ப் பதிவான ஆய்வுகள் புதிய பட்டியலைக் கொண்டு தேடுபவர்களுக்குக் கிடைக்காது. ஒரு துறை வளர்ந்ததா தேய்ந்ததா என்று ஆண்டுவாரியாக ஒப்பிடுபவர்களும், பெயர் மாறியதையே வீழ்ச்சி என்று எழுதிவிடுவார்கள்.