தெரியாது என்பது கோழைத்தனம் ஆகுமா?

கடவுள் உண்டு என்பவரையும் இல்லை என்பவரையும் மதிக்கலாம், 'தெரியாது' என்பவரோ முடிவெடுக்க அஞ்சும் கோழை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்படித் 'தெரியாது' என்பவரைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற ஆங்கிலச் சொல்லை 1869ஆம் ஆண்டில் உருவாக்கிய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, நிறுவப்படாத ஒரு முடிவை உறுதியானது என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதையே அதன் அடிப்படையாக வைத்தார். அதற்கும் துணிவு வேண்டும்.

நான் தருமபுரி மாவட்டம் அரூரைச் சேர்ந்தவன். அப்பா நோயில் கிடந்த ஆண்டு, முழங்கால் வலியோடு அருகிலுள்ள தீர்த்தமலைக் கோயிலின் படிகளை ஏறிய அம்மா, பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தைப் பித்தளைச் சொம்பில் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாதபடி அதன் வாயை முந்தானையால் மூடிக் கொண்டுவந்தார். மருத்துவமனையில் அதை அப்பாவின் நெற்றியில் தடவியபோது அம்மாவின் கை நடுங்கவே இல்லை; அருகில் நின்ற எனக்குத்தான் நடுங்கியது. அப்பா பிழைக்கவில்லை. அம்மா இன்றும் ஆண்டுதோறும் மலையேறுகிறார், நானும் உடன் செல்கிறேன் (பெரியாரைப் படித்து வளர்ந்த என் நண்பர்களுக்கு இதில் வருத்தம் உண்டு). நீ நம்புகிறாயா என்று அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தெரியவில்லை அம்மா என்றுதான் சொல்வேன், அதை அவர் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன்.