42 புள்ளி வந்தால் மண் செத்துவிட்டதா?
மேலே ஒருவர், "குடியாத்தம் பக்கத்து நிலத்து மண்ணை மாணவர்கள் அகார் தட்டில் வளர்த்தார்கள், 42 புள்ளிதான் வந்தது, யூரியா போட்டே மண்ணைக் கொன்றுவிட்டோம்" என்கிறார். யூரியா கவலை இருக்கட்டும், கணக்கே தப்பு. அகார் தட்டு என்பது நுண்ணுயிர்களை வளர்க்கும் கூழ் தட்டு; அதில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி, அதாவது நுண்ணுயிர்க் கூட்டம்.

மண்ணை ஒரு லட்சம் மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 0.1 மில்லி மட்டும் தடவியதாக அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் 42ஐ 10ஆல் பெருக்கி, அப்புறம் ஒரு லட்சத்தாலும் பெருக்க வேண்டும். கிராமுக்கு 4.2 கோடி! நீர்க்கச் செய்யாமல் ஊற்றினால் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும், எண்ணவே முடியாது. வழக்கமாக 30 முதல் 300 வரை வரும் தட்டைத்தான் எண்ணுவார்கள். இவர்களுடையது நல்ல தட்டு.

அதுவும் முழுக் கணக்கில்லை. மண்ணுயிர்களில் பெரும்பாலானவை அகாரில் வளர்வதேயில்லை. நம்ம ஊர் மல்லாட்டை (நிலக்கடலை) வேர்முடிச்சில் இருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா காலனியாகத் தெரியவே ஒரு வாரம் வரை ஆகும். இவர்கள் இரண்டாம் நாளே எண்ணிவிட்டார்கள்.

யூரியாவைக் குற்றம் சொல்ல வேண்டுமானால், போடாத பக்கத்து நிலத்து மண்ணையும் அதே நாளில், அதே அளவு நீர்க்கச் செய்து வளர்த்துப் பாருங்கள். அவர் போட்ட படத்தில் ஒரு பையன் தட்டைத் திறந்து மோந்து பார்க்கிறானே, சார், அதை முதலில் நிறுத்துங்கள். வளர்ந்த தட்டை டேப் ஒட்டி மூடியே வைக்க வேண்டும்.