இன்ஃபோசிஸ் ராஜினாமாக்களும் அவற்றைப் பற்றிய செய்திகளும்

பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து மூத்த அதிகாரி விலகினால், அண்மையில் விலகியவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுவது நம் வணிகப் பத்திரிகைகளின் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கம் வேரூன்றியது இன்ஃபோசிஸைப் பற்றி 2013, 2014 ஆண்டுகளில் வந்த செய்திகளில்தான் என்பது என் எண்ணம். 2013 ஜூனில் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி செயல் தலைவராகத் திரும்பிய பிறகு, அசோக் வேமுரி, வி. பாலகிருஷ்ணன், பி.ஜி. சீனிவாஸ் என இயக்குநர் குழுவில் இருந்தவர்களே ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து எண்ணினார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதற்கு அளவுகோல் எதுவும் சொல்லப்படவில்லை.

எண்ணிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதையும் விளக்குவதில்லை என்பதே என் குறை. வேமுரி ஐகேட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். பாலகிருஷ்ணன் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்து 2014 மக்களவைத் தேர்தலில் பெங்களூரு மத்தியத் தொகுதியில் போட்டியிட்டார். சீனிவாஸின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஷிபுலாலுக்குப் பிறகு தலைமைப் பொறுப்புக்கு வரக்கூடியவர் என்று பேசப்பட்ட அவர், 2014 மே 28 அன்று விலகினார். அடுத்த பதினைந்து நாள்களில், ஜூன் 12 அன்று, வெளியிலிருந்து விஷால் சிக்கா தலைமைச் செயல் அதிகாரியாக அறிவிக்கப்பட்டார். தலைமைப் பதவி தனக்கு இல்லை என்று தெரிந்த ஒருவர் விலகுவதும், நிர்வாகத்தோடு முரண்பட்டு விலகுவதும், போகச் சொன்னதால் போவதும் ஒன்றல்ல. எண்ணிக்கைத் தலைப்பில் இவை எல்லாம் கலந்துவிடுகின்றன.

இதே நிகழ்வு கிட்டத்தட்ட அப்படியே மீண்டும் நடந்தது. 2022 மே மாதத்தில் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கின் பதவிக்காலம் 2027 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இந்த அறிவிப்பு பங்குச் சந்தைகளுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டு, எவரும் படிக்கும்படி கிடந்தது. அந்த அக்டோபரில் நிறுவனத்தின் தலைவர்களில் (பிரசிடென்ட்) ஒருவரான ரவி குமார் விலகி, 2023 ஜனவரியில் காக்னிசண்டின் தலைமைச் செயல் அதிகாரியானார். மார்ச் மாதம் இன்னொரு தலைவரான மோஹித் ஜோஷி விலகினார்; டெக் மஹிந்திராவின் அடுத்த தலைமைச் செயல் அதிகாரியாக அவர் அறிவிக்கப்பட்டார். மேலே ஐந்தாண்டுக்குக் கதவு மூடப்பட்டிருந்தது என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தாலே செய்தி முழுமையடைந்திருக்கும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அந்த வரியைத் தவிர்த்துவிட்டு, 'அதிர்ச்சி' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டன. (2022 ஜூன் காலாண்டில் ஊழியர் விலகல் விகிதம் 28.4 சதவீதமாக இருந்தது. இரண்டு தலைவர்கள் போனது பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை.)

எண்ணிக்கைக்கு அகப்படாத விலகல்தான் பல நேரங்களில் பெரிய விஷயமாக முடிகிறது. தலைமை நிதி அதிகாரி ராஜீவ் பன்சால் 2015 அக்டோபரில் பதவி விலகியது, காலாண்டு முடிவுகளோடு சேர்த்து அறிவிக்கப்பட்டது. அவருக்கு விலகல் தொகையாக 17.38 கோடி ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்ட நிறுவனம், சுமார் 5 கோடி கொடுத்த பிறகு மீதியை நிறுத்திவைத்தது. அந்தத் தொகையும், 20 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட இஸ்ரேலிய நிறுவனமான பனயாவும் சேர்ந்துதான், நிறுவனர்களுக்கும் இயக்குநர் குழுவுக்கும் இடையிலான மோதலைப் பகிரங்கமாக்கின. 2017 ஆகஸ்ட் 18 அன்று சிக்கா விலகியபோது இயக்குநர் குழு பழியை வெளிப்படையாக மூர்த்தியின் மீது போட்டது. பங்கு விலை அன்று 9 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஒரு வாரத்துக்குள் நந்தன் நிலேகனி இயக்குநர் குழுவின் தலைவராகத் திரும்பினார்.

அந்த ஒரு வாரச் செய்திகளுக்கு நான் நல்ல மதிப்பெண்ணே தருவேன். சிக்காவின் விலகல் கடிதம், இயக்குநர் குழுவின் அறிக்கை, மூர்த்தியின் மறுப்பு ஆகிய மூன்றும் பொதுவெளியில் இருந்ததால், 'பெயர் சொல்ல விரும்பாத வட்டாரங்கள்' அதிகம் தேவைப்படவில்லை. குறை பின்னால் வந்தது. 2018 செப்டம்பரில் நடுவர் தீர்ப்பாயம் பன்சாலுக்கு 12.17 கோடியையும் வட்டியையும் தரும்படி உத்தரவிட்டபோது, முன்பு அந்தத் தொகையைச் சந்தேகத்தோடு எழுதியவர்கள் தங்கள் பழைய கட்டுரைகளை மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அப்படிச் செய்த எவரையும் நான் காணவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, அடுத்த நிதி அதிகாரி ரங்கநாத் விலகிய தேதியும் ஆகஸ்ட் 18 என்பதைச் சுட்டிக்காட்ட மட்டும் ஆர்வம் இருந்தது. தேதி ஒத்துப்போனதில் என்ன பொருள் இருக்கிறது?

இப்போது செய்தியாளர்களின் கையில் கூடுதலாக ஒரு கருவி இருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் முக்கிய நிர்வாகி விலகினால், காரணங்களுடன் அவர் தந்த விலகல் கடிதத்தை, விலகல் நடைமுறைக்கு வந்த ஏழு நாள்களுக்குள் பங்குச் சந்தைகளுக்கு அளிக்க வேண்டும். கடிதத்தில் பெரும்பாலும் 'தனிப்பட்ட காரணங்கள்' என்றே இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கடிதத்தோடு, அதற்கு முந்தைய ஆறு மாத அறிவிப்புகளையும், விலகியவர் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடத்தையும் வரிசையாக வைத்துப் படித்தால், பெயரற்ற வட்டாரங்கள் சொல்வதைவிடக் கூடுதலாகவே தெரியவரும். பரேக்கின் பதவிக்காலம் முடியும் 2027 மார்ச்சை ஒட்டி இன்ஃபோசிஸில் யாராவது விலகினால், அந்தச் செய்தியில் நான் முதலில் தேடப்போவது வாரிசுத் தேர்வு அதுவரை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைத்தான்.