காதலர் தினப் பலகையில் உப்பு எங்கே?

பிப்ரவரி பிறந்தால் போதும், டைம்லைன் முழுக்க டெசர்ட் போர்டு படங்கள்தான். மேசை அகலத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் விளிம்பு வரைக்கும் சாக்லேட், சிவப்பு மிட்டாய், மார்ஷ்மெல்லோ, இதய வடிவக் குக்கீ, இடையிடையே ரோஜா இதழ். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் இதை யார் சாப்பிடுவது? பலகையில் இருப்பது ஒரு கூட்டத்துக்கான இனிப்பு. எதிரெதிரே உட்காரப்போவதோ இரண்டே பேர்.

அளவைக்கூட விட்டுவிடலாம். எல்லாம் ஒரே ருசியாக இருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. நாலு வாய் போனதும் நாக்கு சலித்துவிடும். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவையின் மேலுள்ள ஆசை மட்டும் இறங்கும், வேறு சுவை வந்தால் ஆசை மறுபடி எழும் என்பதை பார்பரா ரோல்ஸ் முதலான ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டவரும் ஐஸ்கிரீமைக் கண்டால் கை நீட்டுவது இதனால்தான். இனிப்பை மட்டுமே அடுக்கிய பலகைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது தன் பசியைத் தானே கொன்றுவிடுகிறது.

அதனால் என் கட்சி இதுதான்: காதலர் தினப் பலகையில் பாதி இனிப்பில்லாததாக இருக்கவேண்டும். உப்புப் போட்டு வறுத்த பாதாம் அல்லது பிஸ்தா, கொஞ்சம் பிரெட்சல் (உப்பு தூவிய மொறுமொறு பிஸ்கட்), ஒரு துண்டு ப்ரீ என்ற மென்மையான சீஸ், நாலைந்து கிராக்கர். புளிப்புக்கு ராஸ்பெர்ரியோ ஆரஞ்சுச் சுளையோ. டார்க் சாக்லேட் வைத்தால் அதன் மேல் கல்லுப்பை ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். உப்பு கசப்பை அமுக்கிவிடும், உள்ளே ஒளிந்திருந்த இனிப்பு முன்னுக்கு வரும். கூடுதல் சர்க்கரையே தேவையில்லை.

இனிப்புப் பாதியில் என் ஓட்டு சாக்லேட்டில் முக்கியெடுத்த ஸ்ட்ராபெர்ரிக்குத்தான். எல்லோரும் செய்வதுதானே என்று அலட்சியமாக இறங்கினால் காலை வாரிவிடும் பண்டம் இது. முதலில் பழம். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு பழுக்காது. காம்பைச் சுற்றி வெளுத்திருக்கும் பழத்தை வாங்கி வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை, மேலும் மென்மையாகும், இனிக்காது. காம்படி வரை சிவந்ததாகப் பார்த்து எடுங்கள். கழுவியதும் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து ஆறவிடுங்கள். உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் அதிலுள்ள சர்க்கரையும் கோகோத் துகளும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். வழவழவென்று இருந்தது திரிதிரியாகக் கெட்டிப்பட்டுவிடும். அப்படி ஆனால் கொட்டவேண்டாம். சூடான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், தொட்டுச் சாப்பிடும் சாஸாக மாறிவிடும். முக்குவதற்கு மட்டும் அது உதவாது.

கடையில் வாங்குவதுபோல் பளபளப்பாகவும் கடித்தால் 'டக்'கென்று உடைவதாகவும் வேண்டுமானால் டெம்பரிங், அதாவது சாக்லேட்டை உருக்கி, ஆறவிட்டு, மறுபடி லேசாகச் சூடேற்றும் வேலை, செய்யவேண்டும். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது சுமார் 34 டிகிரி செல்சியஸில், அதாவது உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகும். நல்ல சாக்லேட் கையில் கெட்டியாக இருந்து வாயில் கரைவதன் ரகசியம் அதுதான். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32க்கு ஏற்றவேண்டும். சுலப வழியும் உண்டு: மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உருக்கி, மீதியைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். நறுக்கிய துண்டுகளில் ஏற்கெனவே சரியான படிகம் இருப்பதால் மற்றதும் அதன் வழிக்கு வந்துவிடும். இப்படிச் செய்தாலும் கடைசியில் 31, 32 டிகிரிதான் கணக்கு என்பதால் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது.

இவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் இருக்கிறது. டெம்பரிங் வேண்டாம், தானே உறையும். எனக்கு அது நாக்கில் மெழுகாகத் தங்குகிறது. அதைவிட கனாஷ் எவ்வளவோ மேல். சாக்லேட்டும் கிரீமும் சம எடை. கிரீமைச் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டுக் கலக்கினால் முடிந்தது. சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பாக நடுவில் வைத்துவிடுங்கள். பழத்தை, பிரெட்சலை, ஏன் உப்பு சிப்ஸைக்கூட இரண்டு பேரும் அவரவரே தொட்டுச் சாப்பிடலாம். சமைத்தவர் மட்டும் முந்தைய இரவெல்லாம் கண் விழிக்கவேண்டிய அவசியமும் போயிற்று.

சாக்லேட்டில் முக்கியெடுத்த பழத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிடவேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலே நீர் பூக்கும், சாக்லேட்டின் பளபளப்பு போய் வெளுக்கும். சாறு விடும் பழத்துக்குப் பக்கத்தில் கிராக்கரை அடுக்காதீர்கள், அரை மணியில் நமுத்துவிடும். ப்ரீயை அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்தால்தான் அதன் ருசி தெரியும். ஆனால் நறுக்கிய பழம், கிரீம், சீஸ் எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. படம் எடுக்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் வரும், ஆமாம்.

அப்புறம் அந்த ரோஜா இதழ். பூக்கடை ரோஜா சாப்பிட வளர்த்ததல்ல, பூச்சிமருந்து பட்டிருக்கலாம். அதை உணவின் மேல் உதிர்ப்பதை என்னால் ரசிக்கவே முடியவில்லை. அலங்காரத்துக்கு வைக்கும் லில்லி ஆஃப் தி வேலி பூ இன்னும் மோசம், முழுச் செடியுமே விஷம். பூ ஜாடியில் இருக்கட்டும்.

வாசகம் அச்சிட்ட இதய மிட்டாயும் என் பலகைக்கு வராது. மிட்டாயில் எழுத்து அச்சிடுவதை 1860களில் அமெரிக்காவில் டேனியல் சேஸ் தொடங்கியதாகச் சொல்வார்கள். சுவாரசியமான வரலாறு, சுண்ணாம்புக்கட்டி ருசி.

எதிரில் உட்காரப்போகிறவருக்கு சாக்லேட்டே பிடிக்காதென்றால் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஆலிவ், சீஸ், வறுத்த பருப்பு, மிளகு தூவிய பாப்கார்ன் என்று முழுக்கக் காரமும் உப்புமாக ஒரு காதலர் தினப் பலகை இருந்தால் எந்தச் சட்டம் தடுக்கிறது? பாதாம், பிஸ்தா போன்ற பருப்புகளுக்கு அலர்ஜி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், சர்ப்ரைஸ் கெட்டாலும் பரவாயில்லை.

கனாஷ் மிஞ்சினால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை சூடான பாலில் இரண்டு ஸ்பூன் கலக்கினால் ஹாட் சாக்லேட் தயார்.